பத்திரம் பதிவானால் போதுமா? சொத்து வக்கீல் என்னதான் பார்க்கிறார்

மனை வாங்கப் போகிறவரிடம் "வக்கீல்கிட்ட காட்டியாச்சா?" என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் இது: "எதுக்கு சார்? ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே எல்லாம் பார்த்துத்தானே பதிவு பண்றாங்க." படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள்கூட இப்படித்தான் நினைக்கிறார்கள். சொத்து வக்கீல் என்று ஒருவர் ஏன் தேவைப்படுகிறார் என்பதை இந்த நினைப்பிலிருந்தே விளக்கத் தொடங்கலாம்.

சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தை மட்டும்தான். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்து கைமாறும் பத்திரம் பதிவாக வேண்டும். எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்தாரா, அடையாளம் சரியா, முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா, தடை செய்யப்பட்ட நிலங்களின் பட்டியலில் இந்தச் சர்வே எண் இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் பார்ப்பார். விற்பவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்று முடிவு சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. நம் ஊரில் அந்தப் பொறுப்பை அரசு ஏற்பதில்லை. இன்னாருக்கு இந்த நிலம் சொந்தம் என்பது பழைய பத்திரங்களை வரிசையாகப் படித்து ஊகித்துக்கொள்ளும் ஒரு முடிவுதான். யாராவது நீதிமன்றத்தில் உடைக்கும்வரை அந்த முடிவு நிற்கும். அது நிற்குமா என்று முன்கூட்டியே படித்துச் சொல்வதுதான் சொத்து வக்கீலின் முதல் வேலை. அவர் எழுதித் தரும் கருத்துரைக்கு எல்லோரும் சொல்லும் பெயர் லீகல் ஒப்பீனியன்.

சொத்து வக்கீலுக்கென்று தனிப் பட்டம் எதுவும் இல்லை. பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டோ, பள்ளி முடித்ததும் ஐந்தாண்டோ சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதிய எவரும் இந்த வேலையைச் செய்யலாம். இதில் கெட்டிக்காரர்கள் பலர் கோர்ட்டில் வாதாடிப் பேர் வாங்கியவர்கள் இல்லை. ஒரு சீனியரிடம் சேர்ந்து பத்திரக் கட்டுகளைப் படித்தே தேறியவர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி; அதனால் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொத்து இருக்கும் ஊரிலேயே தொழில் செய்பவராக இருந்தால் நல்லது. எந்த நகர் எந்த ஏரியை ஒட்டிப் போட்டது, எந்தக் குடும்பத்தில் பாகத் தகராறு ஓடுகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

முப்பது வருஷக் கணக்கு

வக்கீல் முதலில் கேட்பது மூலப் பத்திரம். இன்று விற்பவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு எப்படி வந்தது, அதற்கு முன் யார் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். கிரயமாக வந்திருக்கலாம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட், உயில், ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கண்ணியிலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எழுதிக் கொடுத்தவருக்கு அன்றைக்கு எழுதிக் கொடுக்க உரிமை இருந்ததா?

குறைந்தது 30 வருஷம் பார்ப்பது வழக்கம். இதற்குச் சட்டத்திலேயே அடிப்படை உண்டு. தனியார் நிலத்தை 12 ஆண்டு எதிரிடையாக, அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தன் சொத்துபோல, அனுபவித்தாலே பழைய உரிமையாளர் வழக்குப் போடும் உரிமை போய்விடும். அரசு நிலத்துக்கு அது 30 ஆண்டு. வைத்திருக்க வேண்டியவர் கையிலிருந்தே வரும் 30 வருஷப் பழைய பத்திரத்தில் உள்ள கையெழுத்தைச் சரியானதென்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டமும் சொல்கிறது. ஆனாலும் 30-ஆவது வருஷம் வரும் பத்திரம் ஒரு பாகப்பிரிவினையாக இருந்தால், யாருடைய சொத்தைப் பிரித்தார்கள் என்று தெரிய அதற்கு முன்னாலும் போகத்தான் வேண்டும்.

அடுத்தது, சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, எல்லோரும் சொல்லும் ஈ.சி. பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரங்களை இலவசமாகவே பார்க்கலாம். "ஈ.சி. பார்த்துட்டேன், க்ளீனா இருக்கு" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நீங்கள் எந்தச் சர்வே எண்ணைக் கொடுத்தீர்களோ அதற்குத்தான் ஈ.சி. பதில் சொல்லும். 112/3 என்று இருந்த நிலம் பின்னால் 112/3ஏ, 112/3ஏ1 என்று உட்பிரிவாகியிருக்கும். நகர்ப்புறம் என்றால் நகர நில அளவை எண்ணாகவே மாறியிருக்கும். புது எண்ணுக்கு மட்டும் போட்டால் பழைய எண்ணில் நடந்த அடமானம் அதில் வராது. வக்கீல் எல்லா எண்களுக்கும் தனித்தனியாகப் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பதிவே ஆகாத விஷயங்களும் ஈ.சி.யில் வராது. அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குவதைச் சொத்துரிமை மாற்றுச் சட்டமே ஓர் அடமான வகையாக ஏற்றுக்கொள்கிறது. இப்போது தமிழ்நாட்டில் வங்கிகள் அந்த ஒப்படைப்பைப் பதிவு செய்கின்றன, எம்.ஓ.டி. என்று ஈ.சி.யில் தெரியும். பழைய கடன்களும், கைமாற்றாகப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய தனியார் கடன்களும் அப்படித் தெரியாது. ஜெராக்ஸ் எத்தனை தெளிவாக இருந்தாலும் "அசலைக் காட்டுங்கள்" என்று வக்கீல் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். அசல் தொலைந்துபோச்சு என்றால் போலீஸில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு என்று ஒரு நடைமுறை இருக்கிறது. அதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கும். என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட சொத்தை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் ஈ.சி.யில் இருக்காது. வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும், அவருக்கு வழக்கு தெரியாது என்றாலும்கூட. அதனால் விற்பவர் பெயரைப் போட்டு நீதிமன்ற இணையதளத்தில் தேடுவதும் வக்கீலின் வேலையில் சேர்த்தி.

அத்தைகளின் 400 சதுர அடி

பத்திரத்தில் இருக்கும் பெயர்களைப் படிப்பது எளிது. இருக்க வேண்டியும் இல்லாத பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் வக்கீலின் சாமர்த்தியம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒருவர் தன் சம்பாத்தியத்தில் 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு வாங்குகிறார். உயில் எழுதாமல் 1998-இல் இறந்துவிடுகிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இன்றைக்கு அந்த மூன்று பேரும் சேர்ந்து விற்க வருகிறார்கள். பத்திரம் அசல், ஈ.சி. சுத்தம், பட்டா மூவர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. எல்லாம் சரியாகத்தானே தெரிகிறது?

வக்கீல் கேட்பார்: "அவர் இறந்தப்போ அவங்க அம்மா இருந்தாங்களா?"

இருந்தார் என்றால் கணக்கே மாறும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்த ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக மனைவி, மகன், மகள், தாய் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அந்தப் பாட்டி 2003-இல், கணவருக்கும் பிற்பாடு, உயில் எழுதாமல் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இறந்துபோன இந்த மகனைத் தவிர இரண்டு மகள்கள். பாட்டியின் கால் பங்கு மூன்றாகப் பிரியும்: இரண்டு அத்தைகளுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, இறந்த மகனின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு பங்கு. அத்தைகள் இருவரின் பங்கையும் கூட்டினால் ஆறில் ஒன்று. 2,400-இல் 400 சதுர அடி. அவர்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கியவர், மனைக்குள் 400 சதுர அடிக்குச் சொந்தக்காரர்களாக முன்பின் தெரியாத இருவரை வைத்துக்கொண்டுதான் வீடு கட்டுகிறார். எந்த இடத்தில் அந்த 400 என்றும் யாரும் கோடு போட்டுக் காட்ட முடியாது; முழு மனையிலும் பரவிக் கிடக்கும்.

இதற்கு மருந்து சுலபம். இரண்டு அத்தைகளையும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர்க்கலாம், அல்லது முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் பதிவு செய்யலாம். கேட்க வேண்டிய கேள்வியை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்டிருந்தால் இது ஒரு வார வேலை. பத்து வருஷம் கழித்துக் கேட்டால் பாகப்பிரிவினை வழக்கு.

பூர்வீகச் சொத்து என்றால் மகள்களின் பங்கு தனிக் கதை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாத மகள்களுக்கு மகனைப் போலவே பிறப்பால் பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைத் தந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளுக்கு இதனால் பாதிப்பு இல்லை. அதனால்தான் பழைய பாகப் பத்திரத்தைப் பார்க்கும்போது வக்கீல் தேதியை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்ப்பார். "சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு, பொண்ணுங்க கேக்க மாட்டாங்க" என்று விற்பவர் சொல்வது சட்டத்தின் முன் செல்லாது.

மைனர் பெயரில் இருந்த சொத்தும் இதே ரகம். தாத்தா பேரன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதியிருப்பார். பேரன் மைனராக இருக்கும்போதே அப்பா விற்றிருப்பார். நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்படி விற்றிருந்தால், 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் பையன் அதை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம்.

பவர், அதாவது தன் சார்பில் விற்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், வழியாக வரும் கிரயத்தில் பார்க்க வேண்டியது, பவர் கொடுத்தவர் அன்று உயிரோடு இருந்தாரா என்பது. அவர் இறந்தால் சாதாரணமாக பவரும் இறந்துவிடும். பவர் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு "சொத்து எனக்கு வந்தாச்சு" என்று இருப்பவர்களும் உண்டு. அது கிரயம் ஆகாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நிலம் எந்த ஜாதி நிலம்?

விற்பவர் சரியான ஆளாக இருந்தாலும் நிலமே விற்கக் கூடாததாக இருக்கலாம். கிராமத்தின் அ-பதிவேட்டை வக்கீல் தேடுவது இதற்காக. ஒவ்வொரு சர்வே எண்ணும் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா, ஓடையா, வண்டிப்பாதையா, கோயில் மானியமா என்பது அங்கே இருக்கும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் இன்றைக்கும் பல கிராமங்களில் உண்டு. வேறு சமூகத்தார் அதை விலை கொடுத்து வாங்கிப் பத்திரம் வைத்திருந்தாலும், ஒதுக்கீட்டின் நிபந்தனைப்படி அந்தக் கிரயம் நிற்காது. கோயில் நிலம், வக்ஃப் நிலம், பூமிதான நிலம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது.

மனை என்றால் அங்கீகாரம் பார்க்க வேண்டும்: சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. விளைநிலத்தைக் கல் நட்டு மனையாக விற்பதற்கு எதிராக 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய மனை வாங்குபவர்கள் அந்த உத்தரவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூங்காவுக்கென விட்ட இடத்தைப் பின்னாளில் ஒரு மனை எண் கொடுத்து விற்றிருப்பது அப்போதுதான் தெரியும்.

பட்டா விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் பக்கத்து நிலக்காரர் பெயர் ஏறியது, அண்ணன் பெயர் மட்டும் ஏறித் தம்பி விடுபட்டது என்று ஏராளமான பிழைகள். பத்திரம் ஒருவரிடம், பட்டா இன்னொருவரிடம் என்றால், பிழை எங்கே நுழைந்தது என்று வருவாய்த்துறையின் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுவரை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

காகிதம் முடிந்ததும் தரை. பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மனையில் நின்று பார்க்கச் சொல்வேன். "கிழமேல் அடி 40, தென்வடல் அடி 60, வடக்கே 20 அடி அகலப் பொதுப்பாதை" என்று எழுதியிருக்கும். அந்தப் பாதை அங்கே இருக்கிறதா? இருந்தால் அது யாருடைய நிலத்தில் போகிறது? சர்வேயரை வைத்து அளந்து, நில அளவைத் துறையின் புலப்படத்தோடு ஒப்பிட்டால் இதில் பாதிப் பிரச்சினை அன்றே வெளியே வந்துவிடும்.

ஒப்பந்தம், கிரயம்

பார்த்தாயிற்று, சரி என்றால் ஒப்பந்தம். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தால் சொத்தில் உரிமை எதுவும் வந்துவிடாது; சொன்னபடி எழுதிக் கொடு என்று கேட்கும் உரிமைதான் வரும், அதற்கும் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. பதிவு செய்தால் ஒப்பந்தம் ஈ.சி.யில் ஏறும், விற்பவர் இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கத் தயங்குவார். எனக்கு அதுவே போதுமான காரணம்.

கிரயத்தன்று முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் போகும். சொத்தின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். வழக்கம்போல 1 சதவீதம் பிடித்துவிட்டுப் பிறகு நோட்டீஸ் வாங்குகிறவர்கள் உண்டு, வக்கீலிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் நீங்கள் கிரயமாக வாங்குவது பெரும்பாலும் நிலத்தில் ஒரு பிரிபடாத பாகம். அந்தப் பாகங்களைக் கூட்டினால் மொத்த நிலத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டர் நிலத்தையோ எட்டு வீட்டையோ தாண்டும் புதுத் திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாக வேண்டும்; பதிவான ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் பணம் வாங்கக் கூடாது.

யாருடைய வக்கீல்?

"லோன் போட்டிருக்கேன், பேங்க் வக்கீல் பார்த்துட்டார்" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அவர் வங்கியின் வக்கீல். கடனுக்கு ஈடாக இந்தச் சொத்து தேறுமா என்பது அவருக்கு வைக்கப்பட்ட கேள்வி. அவருடைய கருத்துரை வங்கிக்குப் போகும், பல சமயம் உங்களுக்கு நகல்கூட வராது. பில்டர் காட்டும் கருத்துரை பில்டர் காசு கொடுத்து வாங்கியது. உங்களுக்காகப் படிப்பவர் நீங்கள் ஃபீஸ் கொடுத்து வைப்பவர் மட்டும்தான். பத்திர எழுத்தர் பத்திரம் எழுதித் தருவார்; உரிமையை ஆராய்வது அவரிடம் எதிர்பார்க்க வேண்டிய வேலை இல்லை.

ஒப்பீனியன் காப்பீடும் இல்லை. தவறான கருத்துரை கொடுத்தார் என்பதற்காக மட்டும் வக்கீலைக் குற்றவாளியாக்க முடியாது, மோசடிக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று 2012-இல் ஒரு வங்கிக் கடன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் சேவையை நுகர்வோர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 2024-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆகவே கருத்துரையின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். "கீழ்க்கண்ட ஆவணங்களின் நகல்களைப் பார்வையிட்டதில்" என்று தொடங்கும் பட்டியலைப் படியுங்கள். அதில் இல்லாத ஆவணத்தை அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். "அசல்களைச் சரிபார்க்கும் நிபந்தனைக்கு உட்பட்டு", "வாரிசுச் சான்று பெற்ற பிறகு" என்று போட்டிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விற்பவரிடம் கொண்டுபோய் முடித்துவிட்டு, முடித்த கையோடு வக்கீலிடம் இறுதிக் கருத்துரை எழுதி வாங்கி, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். டோக்கன் அட்வான்ஸ் என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், "வக்கீல் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் ஒரு வரி எழுதி, விற்பவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.